எட்டு முழ வேட்டியும் இரண்டு முழ மல்லிகையும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வாசலில் பூக்காரம்மாவிடம் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினியைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு ஓடிவந்தான். முகம் வாடியிருந்தது.

"அத்தை, என் கணினியில பாதி நிறத்தைக் காணோம்!"

"படம் நல்லாத்தானே தெரியுதுடா?"

"நீங்களே பாருங்க. கணினியைப் பத்திச் சொல்ற பக்கத்துல '64-பிட் இயங்குதளம்'னு போட்டிருக்கு. திரையைப் பத்திச் சொல்ற இடத்துல 'ட்ரூ கலர், 32-பிட்'னு இருக்கு. இன்னொரு பக்கத்துல 'பிட் ஆழம் 8-பிட்'னு இருக்கு. 64 எப்படி 32 ஆச்சு? 32 எப்படி 8 ஆச்சு? கடையில ஏமாத்திட்டாங்களா?"

பக்கத்து வீட்டுக் கொடியில் அவன் தாத்தாவின் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. "அது எத்தனை முழம்?" என்று கேட்டேன்.

"எட்டு முழ வேட்டி."

"நான் இப்ப வாங்கின மல்லிகை?"

"ரெண்டு முழம்."

"அப்போ மிச்சம் ஆறு முழத்தைப் பூக்காரம்மா ஏமாத்திட்டாங்களா?"

பையன் சிரித்துவிட்டான். "அத்தை, அது வேட்டி, இது பூ!"

குழந்தைகளே, அவன் கேள்விக்கான விடையை அவனே சொல்லிவிட்டான். முழம் என்பது ஓர் அளவு. அதைக் கொண்டு வேட்டியையும் அளக்கலாம், பூவையும் அளக்கலாம். பிட் என்பதும் அப்படி ஓர் அளவுதான். 64 பிட் ஒன்றை அளக்கிறது, 32 பிட் வேறொன்றை அளக்கிறது. எதை எது அளக்கிறது என்று பார்ப்போம். அதற்கு நம் கைவிரல்களே போதும்.

விரலில் ஒரு கணினி

ஒரு விரலை நீட்டுங்கள். இப்போது மடக்குங்கள். ஒரு விரலுக்கு இந்த இரண்டு நிலைதான். நீட்டியிருந்தால் 1, மடக்கியிருந்தால் 0 என்று வைத்துக்கொள்வோம். இப்படி இரண்டில் ஒன்றைச் சொல்லும் மிகச் சிறிய செய்திக்குத்தான் பிட் என்று பெயர். 1948-ல் அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சொல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. சொல்லைத் தந்தவர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டிருக்கிறார்.

ஒரு விரலால் 2 செய்தி சொல்லலாம். இரண்டு விரல் சேர்ந்தால் 4. மூன்று விரல் என்றால் 8. விரல் ஒன்று கூடினால் செய்தி இரண்டு மடங்காகிறது. ஒரு கையின் ஐந்து விரலால் 32 செய்தி சொல்லலாம். கட்டைவிரல் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற எட்டு விரலை எடுத்துக்கொண்டால் 256 செய்தி, அதாவது 0 முதல் 255 வரை. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, கட்டைவிரல் இல்லாமல் உங்கள் இரண்டு கையும் சேர்ந்தால் ஒரு பைட்!

எண்ணும் முறை இதுதான். கைகளை மேசைமேல் விரித்து வையுங்கள். வலது ஓரத்துச் சுண்டுவிரலின் மதிப்பு 1. அதற்கு இடப்பக்கம் ஒவ்வொரு விரலுக்கும் மதிப்பு இரண்டு மடங்கு: 2, 4, 8, பிறகு இடது கையில் 16, 32, 64, 128. விரலை மடக்கி நீட்டுவது கஷ்டமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. எந்த விரல் 1 ஆக வேண்டுமோ அதன் நகத்தின்மேல் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். எட்டு விரலிலும் கொட்டை இருந்தால் கூட்டிப் பாருங்கள், சரியாக 255 வரும்.

நிறம் சொல்லும் மூன்று பேர்

கைப்பேசித் திரையில் வெள்ளையான ஒரு பக்கத்தைத் திறந்து, விரல்நுனியால் கடுகளவு தண்ணீரைத் திரையில் வைத்துப் பாருங்கள். (பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பார்த்ததும் துடைத்துவிடுங்கள்.) துளி ஒரு சிறிய பூதக்கண்ணாடி ஆகிவிடும். வெள்ளை என்று நாம் நினைத்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மின்னும்.

திரையில் இருப்பவை அந்த மூன்று விளக்குகள்தான். நம் கண்ணுக்குள் நிறம் உணரும் செல்களும் மூன்று வகை. அதனால் மூன்று நிற ஒளியை வெவ்வேறு அளவில் கலந்தாலே எத்தனையோ நிறங்களைக் கண்ணுக்குக் காட்டிவிடலாம். 1861-ல் லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைச் செய்து காட்டினார். ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே மூன்று தனித்தனிப் படங்களாக எடுக்கச் செய்து, அந்த மூன்றையும் அதே நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்தினார். ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது. இன்றைய திரைகளும் அதே வழியில்தான் நடக்கின்றன.

இந்த மூன்று விளக்குகளும் சேர்ந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பிக்சல் என்று பெயர். "உன் சிவப்பு விளக்கு எவ்வளவு எரிய வேண்டும், பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு" என்று கணினி ஒவ்வொரு பிக்சலுக்கும் சொல்ல வேண்டும். இப்போது மூன்று நண்பர்களைத் திண்ணையில் வரிசையாக உட்கார வையுங்கள். முதல் ஆள் சிவப்பு, அடுத்தவர் பச்சை, மூன்றாமவர் நீலம். ஒவ்வொருவருக்கும் எட்டு விரல். 0 என்றால் விளக்கு அணைந்திருக்கிறது, 255 என்றால் முழுதாக எரிகிறது. நடுவில் எந்தப் படியை வேண்டுமானாலும் காட்டலாம்.

பையன் பார்த்த '8-பிட்' இதுதான். ஒரு நிறத்துக்கு எட்டு விரல் என்று அது சொல்கிறது. மூன்று பேருக்கும் சேர்த்து 24 விரல், அதாவது 24 பிட். ஒவ்வொருவரும் 256 படி காட்டலாம் என்பதால் 256-ஐ 256-ஆல் பெருக்கி, மறுபடியும் 256-ஆல் பெருக்குங்கள். 1,67,77,216 நிறங்கள்! ஒரு பிக்சலின் நிறத்தைச் சொல்ல எத்தனை பிட் செலவழிக்கிறோம் என்பதற்குத்தான் நிற ஆழம் என்று பெயர்.

நாலாவது ஆள்

"24 சரி அத்தை. 32 எங்கிருந்து வந்துச்சு?" என்றான் பையன்.

பள்ளியில் நாலு பேர் உட்காரும் பெஞ்சு இருக்கிறது. மூவர் மூவராகக் குழு பிரிக்கிறார் ஆசிரியர். முதல் பெஞ்சில் ஒரு குழு உட்கார்ந்து, மீதி ஓர் இடத்தில் அடுத்த குழுவிலிருந்து ஒருவரை மட்டும் உட்கார வைத்தால் என்ன ஆகும்? அந்தக் குழு இரண்டு பெஞ்சில் சிதறிவிடும். யார் எந்தக் குழு என்று தேட வேண்டியிருக்கும். ஒரு பெஞ்சுக்கு ஒரு குழு, நாலாவது இடம் காலி என்று விட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

கணினியும் அதைத்தான் செய்கிறது. பைட்டுகளை நாலு நாலாக எடுப்பது அதற்குச் சுலபம். அதனால் ஒரு பிக்சலுக்கு நாலு பைட் ஒதுக்கிவிடுகிறது. மூன்று பைட் நிறத்துக்கு, நாலாவது பைட் துணைக்கு. நாலு எட்டு முப்பத்திரண்டு. அதுதான் '32-பிட்' நிறம்.

நாலாவது ஆளுக்கு வேலையே இல்லையா? சில சமயம் உண்டு. கைப்பேசியில் ஸ்டிக்கர் அனுப்புகிறீர்களே, பூனை மட்டும் தெரியும், அதைச் சுற்றிப் பின்னால் இருப்பது அப்படியே தெரியும். ஒரு பிக்சல் எவ்வளவு ஒளி ஊடுருவக்கூடியது என்று சொல்லும் வேலையை அங்கே நாலாவது பைட் செய்கிறது. 0 என்றால் முழுக்கக் கண்ணாடி போல, 255 என்றால் சுவர் போல. ஆனால் எல்லாம் கலந்து முடிந்து திரைக்குப் போகும்போது அவர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். ஆகவே 32-பிட் நிறம் என்று போட்டிருந்தாலும் திரையில் வரும் நிறங்கள் அதே 1,67,77,216 தான்.

புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் '10-பிட்' என்று எழுதியிருப்பார்கள். 32-ஐவிடக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு நிறத்துக்கு 10 பிட். கட்டைவிரல்களையும் சேர்த்துக்கொண்ட கணக்கு. ஒவ்வொரு நிறத்திலும் 1,024 படி. மூன்றையும் பெருக்கினால் 107 கோடி நிறங்களுக்கு மேல்!

விரல் பற்றாக்குறை

எல்லாக் காலத்திலும் கணினிக்கு இத்தனை விரல் கிடைத்ததில்லை. 1987-ல் ஐபிஎம் நிறுவனம் விஜிஏ என்ற திரை முறையைக் கொண்டுவந்தது. திரையில் அகலவாட்டில் 640, உயரவாட்டில் 480, ஆக மொத்தம் 3,07,200 பிக்சல். படத்தை வைத்துக்கொள்ள அதற்கிருந்த நினைவகம் 2,62,144 பைட். பிக்சலுக்கு ஒரு பைட் கொடுக்கவே இடம் போதவில்லை! அதனால் பிக்சலுக்கு நாலே பிட், மொத்தம் 16 நிறம் என்று நிறுத்திக்கொண்டார்கள். 256 நிறம் வேண்டுமென்றால் பிக்சல்களின் எண்ணிக்கையை 320-க்கு 200 என்று குறைக்க வேண்டியிருந்தது. நிறத்துக்குத் தடையாக நின்றது திரைக்கென்று இருந்த நினைவகம்.

பிறகு 16-பிட் நிறம் வந்தது. 16 விரலை மூன்று பேருக்கு எப்படிப் பங்கு போடுவது? சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, பச்சைக்கு 6. பச்சைக்கு மட்டும் ஏன் ஒரு விரல் அதிகம்? வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் பச்சையில்தான் மிக நன்றாகப் பிடிக்கிறது. அங்கே படிகள் குறைந்தால் உடனே தெரிந்துவிடும்.

16 பிட்டில் 65,536 நிறம் கிடைக்கிறது. போதாதா என்று தோன்றும். ஆனால் சாயங்கால வானத்தின் படத்தை அதில் பாருங்கள். உண்மையான வானத்தில் நீலம் மெல்ல மெல்ல வெளிறி அடிவானத்தில் கலக்கும். ஐந்து விரல் காட்டும் 32 படிகளில் அந்த மென்மை வராது. வானம் பட்டை பட்டையாகத் தெரியும். சாய்தளமாக இருந்த இடத்தில் படிக்கட்டு கட்டியது போல இருக்கும். எட்டு விரலின் 256 படி வந்ததும் அந்தப் பட்டைகள் பெரும்பாலும் மறைந்தன.

இன்று சாதாரணமாகக் கிடைக்கும் முழு எச்டி திரையில் 20,73,600 பிக்சல். பிக்சலுக்கு நாலு பைட் என்றால் ஒரு படத்துக்கு 82,94,400 பைட். நொடிக்கு 60 தடவை அதைத் திரைக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டுவதற்குள் எத்தனை விரல்கள் மடங்கி நிமிர்ந்திருக்கும்!

64 எதை அளக்கிறது?

இனி பையன் பார்த்த பெரிய எண்ணுக்கு வருவோம். கணினியின் நினைவகத்தை ஒரு நீண்ட தெரு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு பைட் குடியிருக்கிறது. கணினியில் கணக்குப் போடும் பகுதியான செயலிக்கு ஏதாவது பைட் வேண்டுமென்றால் அந்த வீட்டின் கதவு எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கதவு எண்ணுக்கு இரண்டே இலக்கம்தான் என்று வைத்தால் 00 முதல் 99 வரை 100 வீடுதான் தெருவில் இருக்க முடியும். நூற்றோராவது வீட்டைக் கட்டினாலும் அதற்குக் கதவு எண் கிடையாது. கடிதமும் போகாது.

இயங்குதளம் என்பது கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருள். 32-பிட் இயங்குதளத்தில் கதவு எண்ணுக்கு 32 விரல். அதைக் கொண்டு 429,49,67,296 வீடுகளுக்கு எண் கொடுக்கலாம். இதைத்தான் 4 ஜிபி என்கிறோம். அதிலும் ஒரு பகுதி எண்களைத் திரை அட்டை போன்ற கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும். அதனால்தான் வீடுகளில் இருந்த 32-பிட் விண்டோஸ் கணினிகளில் 4 ஜிபி நினைவகம் போட்டாலும் முழுதாகப் பயன்படவில்லை.

64-பிட் என்றால் இதைப்போல இரண்டு மடங்கா? இல்லவே இல்லை. கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சதுரங்கத்தில் ஆசை கொண்ட அரசரை ஒரு முதியவர் தோற்கடிக்கிறார். பரிசாக அரிசி கேட்கிறார். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நாலு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பு. அரசரால் கொடுத்து முடிக்க முடியவில்லை. வந்தவர் கண்ணன் என்றும், அந்தக் கடனுக்காகத்தான் கோயிலில் பால்பாயசம் தருகிறார்கள் என்றும் கதை முடியும்.

சதுரங்கப் பலகையில் 64 கட்டம்! பாதிப் பலகை, அதாவது 32 கட்டம் முடியும்போது சேர்ந்திருக்கும் அரிசி 429,49,67,295 மணி. 32-பிட் கதவு எண்களைவிட ஒரே ஒரு மணி குறைவு. ஒரு கிராமுக்கு 40 மணி என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 107 டன். பத்துப் பதினோரு லாரியில் ஏற்றிவிடலாம். ஆனால் மீதிப் பாதிப் பலகையும் முடிந்தால்? இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அளவு அரிசி எண்ணூறு ஆண்டுக்கும் மேல் விளைய வேண்டும். 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு. இன்றைய கணினிகள் பலவற்றில் கதவு எண்ணுக்கு 48 விரலை நீட்டினாலே போதுமானதாக இருக்கிறது. அதிலேயே 2,62,144 ஜிபி வரை எண் கொடுக்கலாம்.

64 பிட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. செயலி ஒரே மூச்சில் கூட்டிக் கழிக்கும் எண்ணின் அகலமும் அதுதான். அப்படிப்பட்ட செயலிக்காக எழுதப்பட்டதுதான் 64-பிட் இயங்குதளம். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு 32-பிட் வகையே கிடையாது.

ஒன்று கூடினால் மற்றதும் கூடுமா?

கூட வேண்டியதில்லை. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1 ஒரு 16-பிட் அமைப்பு. நல்ல திரை அட்டை போட்டிருந்தால் அதிலேயே 24-பிட் நிறம், அதாவது ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட நிறங்கள் தெரியும். இயங்குதளம் சிறியது, நிறம் பெரியது!

'8-பிட் கேம்' என்று சொல்கிறீர்களே, கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய விளையாட்டுகள், அந்த 8 எதைக் குறிக்கிறது? 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் செயலி 8-பிட். அதில் 256 நிறம் இருந்ததா? இல்லை, ஐம்பதுக்குச் சற்று மேல்தான். 1990-ல் வந்த சூப்பர் ஃபேமிகாமின் செயலி 16-பிட், ஆனால் அதன் நிறத்துக்கு 15 பிட், மொத்தம் 32,768. வேட்டியின் முழம் வேட்டிக்கு, பூவின் முழம் பூவுக்கு.

ஆகவே ஒரு மென்பொருளை நிறுவும்போதும், நினைவகம் போதுமா என்று பார்க்கும்போதும் இயங்குதளத்தின் பிட்டைப் பாருங்கள். வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறதா? அப்போது நிறத்தின் பிட்டைப் பாருங்கள்.

திண்ணையில் நாலு பேர்

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நாலு பேரை வரிசையாக உட்கார வைத்தேன். இடது ஓரத்தில் துணை ஆள், அடுத்து சிவப்பு, பச்சை, நீலம். அவர்கள் மடியில் புளியங்கொட்டைகள்.

பூக்காரம்மாவின் கூடையில் கனகாம்பரம் இருந்தது. "அந்த நிறத்தைக் காட்டலாமா?" என்றேன். துணை ஆளுக்கு இங்கே வேலை இல்லை, அவர் விரலில் கொட்டையும் இல்லை: 0. சிவப்புக்காரியின் எட்டு விரலிலும் கொட்டை: 255. பச்சைக்காரன் 128, 32, 4, 1 ஆகிய நாலு விரலில் மட்டும் கொட்டை வைத்தான்: 165. நீலம்: 0. சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0 என்று கணினியில் கொடுத்துப் பார்த்தோம். திரை முழுக்கக் கனகாம்பரப் பூவுக்கு நெருங்கிய ஆரஞ்சு நிறம் பூத்தது. பிள்ளைகள் கைதட்டியதில் பாதிக் கொட்டை உருண்டு ஓடிவிட்டது.

மறுபடி பொறுக்கி அதே விரல்களில் வைக்கச் சொன்னேன். "இப்போது நீங்கள் நாலு பேரும் நிறம் இல்லை, ஒரு கதவு எண். 32 விரலையும் ஒரே எண்ணாகக் கூட்டினால் என்ன வரும்?" காகிதத்தில் போட்டுப் பார்த்தார்கள். 255-ஐ 65,536-ஆல் பெருக்க வேண்டும், 165-ஐ 256-ஆல் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்ட வேண்டும். 1,67,53,920 வந்தது. நினைவகத் தெருவில் அந்த எண்ணுள்ள வீடு!

ஒரு கொட்டைகூட இடம் மாறவில்லை. அதே நாலு பேர், அதே விரல்கள். நிறமாகப் படித்தால் கனகாம்பரம், முகவரியாகப் படித்தால் ஒரு வீடு.

இருட்டத் தொடங்கியது. பிள்ளைகள் புதிதாகக் கொட்டைகளை அடுக்கி, எங்கள் பையனைக் கூப்பிட்டார்கள். "இது என்னன்னு சொல்லு பார்ப்போம்!"

அவன் கொட்டைகளை எண்ணவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டான்.

"நிறமா, கதவு எண்ணா? அதை முதல்ல சொல்லுங்க."